மூன்றாவது துருத்தி

வெஸ்டர்லோக்
7 மார்ச் 1954

அன்புள்ள அண்ணனுக்கு இம்கே எழுதிக்கொள்வது.

இங்கே நான் சுகம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் வேண்டும், வேறு வழி? கிறிஸ்துமஸுக்கு ஓர் அட்டை, அதில் நாலு வரி, அந்த நாலில் இரண்டு வானிலை. ஓல்டன்பர்க்கில் மழை பெய்தால் இங்கேயும்தான் பெய்யும் அண்ணா. நடுவில் தடுக்க ஒரு மேடுகூடக் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் ஆர்கன் போதகரையே வாயடைக்க வைத்துவிட்டது. ஆசீர்வாதம் சொல்ல அவர் கையைத் தூக்கினார். நான் எந்தக் கட்டையிலும் விரல் வைக்கவில்லை. ஒரு குழல் தானாக ஊளையிட ஆரம்பித்தது. கோயில்பிள்ளை ஓடிப்போய்க் காற்று மோட்டாரை நிறுத்தும்வரை அது நிற்கவில்லை. பின்வரிசைக் கிழவர்கள், "இன்னைக்குத்தான் கோயில்ல புதுசா ஒண்ணு கேட்டோம்" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா நாற்பது வருஷம் வாசித்த கருவி. அவருக்குப் பிறகு இத்தனை காலம் நான் வாசிக்கும் கருவி.

ஹனோவரிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். இரண்டு நாள் ஒவ்வொரு பொந்துக்குள்ளும் தலையை நுழைத்துப் பார்த்துவிட்டு, 1694இல் செய்த குழல்களில் முக்கால்வாசி அப்படியே இருக்கின்றன, இந்தக் கடற்கரையில் இப்படி இன்னொன்று இல்லை என்றார். 1717 கிறிஸ்துமஸ் வெள்ளத்தில் ஊரே ஆர்கன் மாடத்தில் ஏறி உட்கார்ந்து பிழைத்த கதையைச் சொன்னேன், எழுதிக்கொண்டார். முன்வரிசையில் இருக்கும் துத்தநாகக் குழல்களை மட்டும் நகத்தால் தட்டிப் பார்த்து, பொய்ப்பல் என்றார். 1917இல் பழைய வெள்ளீயக் குழல்களைப் போருக்கென்று கழற்றிக்கொண்டு போன அன்று அப்பா பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு வந்து நின்று அழுதது உங்களுக்கு நினைவிருக்கும். ஆர்கன் செய்யும் வேலைக்குத்தான் போவேன் என்று நீங்கள் சொன்னதும் அன்றைக்குத்தான். உங்களுக்குப் பதினைந்து வயது.

அரசும் திருச்சபையும் சேர்ந்து முழுதாகச் சீர்செய்யப் போகிறார்கள். மோட்டாரை எடுத்துவிட்டு, கோபுரத்து அறையில் இருக்கும் பழைய துருத்திகள் மூன்றையும் சரிசெய்து, முன்போல ஆள் மிதித்துக் காற்றுக் கொடுக்க வேண்டும் என்கிறார் நிபுணர். அந்த அறைதான். மரப்புழுவைக் கொல்ல அடித்த விஷவாயு என் கணவரை, என் ஹப்போவைக் கொன்ற அறை. சபைக் குழு அதற்கு ஆணி அடித்ததோடு சரி, இன்றுவரை யாரும் திறக்கவில்லை.

வேலையை யாருக்குக் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது எல்லோரும் உங்கள் பேரைத்தான் சொன்னார்கள். வாயு அடிப்பதற்கு முன் ஆர்கனைப் பிரித்துத் தயார் செய்தவர் நீங்கள். அதன் உள்ளும் புறமும் தெரிந்தவர் வேறு யாரும் உயிரோடு இல்லை. நானும் கேட்கிறேன். ஹப்போவை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு நீங்கள் இந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. உங்கள் சிநேகிதன் போய்விட்டார் என்றால் உங்கள் தங்கையுமா போய்விட்டாள்? வாருங்கள் அண்ணா. அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் அன்புத் தங்கை
இம்கே


ஓல்டன்பர்க்
21 மார்ச் 1954

அன்புள்ள தங்கை இம்கேவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது, மகிழ்ச்சி. இங்கே இன்னும் குளிர் விடவில்லை. வானிலை என்று கோபித்துக்கொள்ளாதே.

நிபுணர் சொன்னது சரி. அது நல்ல கருவி. ஆனால் என்னால் முடியாது. வருஷக்கணக்கில் ஈயம் உருக்கி மூச்சு இழுக்கிறது. ஏணியில் நாலு படி ஏறினால் ஐந்தாவதில் உட்கார வேண்டியிருக்கிறது. ஹாம்பர்க்கில் நல்ல பட்டறைகள் இருக்கின்றன, விலாசம் எழுதி அனுப்புகிறேன்.

ஒன்றை மட்டும் சபைக் குழுவிடம் அழுத்திச் சொல். பழைய துருத்திகளைத் தொடுவது வீண் வேலை. தோல் மக்கியிருக்கும், பலகை உளுத்திருக்கும். கோபுரத்தின் அடியில் புதிதாக ஒரு துருத்தி வைத்தால் போதும். அந்த அறையைத் திறக்கவே தேவையில்லை. ஆணி அடித்தது அடித்தபடி இருக்கட்டும். உனக்கும் அதுதான் நல்லது.

அண்ணி விசாரித்ததாகச் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
ரேம்ட்


வெஸ்டர்லோக்
4 ஏப்ரல் 1954

அன்புள்ள அண்ணா,

முதல் தடவையாக ஓர் அட்டைக்கு மேல் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் மாட்டேன் என்று சொல்வதற்கு.

எனக்கு எது நல்லது என்று ஓல்டன்பர்க்கில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டாம். அறையைத் திறந்தால் நான் தாங்க மாட்டேன் என்று நினைக்கிறீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் நான் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துதான் வாசிக்கிறேன். பத்தடி தூரம். தாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான் தாங்க முடியாமல் இருப்பது வேறொன்று. உங்களிடம் கேட்க வேண்டும் என்று இருபத்திரண்டு வருஷமாக நினைத்து, உங்கள் அட்டையைப் பார்த்ததும் கேட்கத் தோன்றாமல் விட்டது. இன்றைக்குக் கேட்டுவிடுகிறேன்.

ஹப்போ போன அந்த ஞாயிறுதான் நான் வாசிக்க இருந்த முதல் ஆராதனை. அப்பா இறந்து ஐந்து மாதம். அவருடைய இடத்தில் ஒரு பெண் உட்காரப் போகிறாள் என்று ஊரே காத்திருந்தது, தப்பு விட்டால் சிரிக்கலாம் என்று. கோயில் கதவு ஜன்னலில் எல்லாம் காகிதம் ஒட்டி இரண்டு நாள் வாயு அடித்து, வியாழக்கிழமை திறந்துவிட்டார்கள். சனிக்கிழமை மதியம் வாயு அடிக்க வந்த ப்ரேமன்காரர் ஷ்டாமர் எல்லா இடத்திலும் சோதனைக் காகிதம் பிடித்துப் பார்த்து, இனி பயமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆராதனை ஞாயிறு பத்து மணிக்கு.

எட்டு மணிக்கு ஹப்போ தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு கோப்பை முடிந்திருந்தது. நம் ஊரில் மூன்றாவது கோப்பைக்கு முன் ஒருவனை எழுப்புவது அவனை வீட்டைவிட்டுத் துரத்துகிற மாதிரி. நான் எழுப்பினேன். கோயிலில் யாரும் இல்லாதபோது ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட வேண்டும் என்றேன். அவர் கற்கண்டைக் கோப்பையில் போட்டுவிட்டார். "மூணாவது ஊத்தலையே" என்றார். "வந்து குடிச்சுக்கலாம், கெளம்புங்க" என்றேன்.

அவர் துருத்தி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மிதிக்கிற சத்தம் கோயிலுக்குள் கேட்கக் கூடாது என்று எப்போதும் சாத்துவதுதான். நான் மணிக் குமிழை இழுத்தேன். உள்ளே மணி அடித்தது, காற்று வந்தது. இரண்டு ஞானப்பாட்டு வாசித்தேன். அவ்வளவு நன்றாக நான் வாசித்ததே இல்லை. மூன்றாவது பாட்டில் காற்று தள்ளாடியது, குழல்கள் முனகின. எனக்குக் கோபம் வந்தது. தேநீருக்காகப் பழிவாங்குகிறார் என்று நினைத்தேன். மணியை இழுத்தேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி இழுத்தேன். மூன்றாம் தடவை இழுத்துவிட்டு, "தூங்கிட்டீங்களா?" என்று கத்தினேன். அந்த வாயுவுக்கே உரிய பாதாம் பருப்பு வாசனை வந்ததும் தலை சுற்றியதும் அதற்குப் பிறகுதான்.

நான் மணி அடித்து அடித்து அவரைத் திட்டிக்கொண்டிருந்தபோது அவர் தரையில் கிடந்தார். இதை நான் நீதிமன்றத்தில் சொல்லவில்லை. போதகரிடம்கூடச் சொன்னதில்லை.

அறையைச் சரியாகக் காற்றாட விடாதது ஷ்டாமரின் தப்பு என்று தீர்ப்புச் சொல்லிச் சிறைக்கு அனுப்பினார்கள். அது அவர் பாடு. ஆனால் மருத்துவர் அன்று என்னிடம் சொன்னார், அந்த அறைக் கதவு இரண்டு மணி நேரம் திறந்து கிடந்திருந்தால் போதும் என்று. ஆராதனை நாளில் ஒன்பதரைக்கு மேல்தான் துருத்திக்காரர் மாடம் ஏறுவார். அதற்கு முன்பே கோயில்பிள்ளை எல்லாக் கதவையும் திறந்து வைப்பார். நான் எட்டு மணிக்கே அவரைக் கிளப்பாமல் இருந்திருந்தால் ஹப்போ பிழைத்திருப்பாரா? அந்த அறையையும் துருத்திகளையும் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஆமாம் என்றாலும் சரி. தெரியாமல் கிடப்பதுதான் கொல்கிறது.

உங்கள் தங்கை
இம்கே


ஓல்டன்பர்க்
2 மே 1954

அன்புள்ள இம்கேவுக்கு,

வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன் என்று சபைக் குழுவுக்கு இன்று எழுதிவிட்டேன். நீ இவ்வளவு வருந்திக் கேட்டபின் எப்படி மறுப்பது?

ஜூன் முதல் வாரம் வருகிறேன். என்னோடு கெர்ட் லூயர்ஸ் என்று ஒருவர் வருவார், என் பட்டறையில் மூத்தவர். குழல்களையும் காற்றுப்பெட்டியையும் கழற்றி இங்கே கொண்டுவந்துவிடுவோம். துருத்தி அறையை நான் வந்து திறக்கும்வரை யாரும் தொடக் கூடாது. நிபுணர் வந்து கேட்டாலும் கூடாது. பழைய பலகைகள், தெரியாதவன் கை வைத்தால் நொறுங்கிவிடும். இதைக் கோயில்பிள்ளையிடமும் சொல்லிவிடு.

நீ கேட்டதைப் பற்றி இப்போது எதற்கு? நடந்தது நடந்துவிட்டது. அந்தக் காலையைத் திரும்பத் திரும்ப நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நேரில் வரும்போது பேசலாம்.

இங்கே ஆப்பிள் மரங்கள் பூத்துவிட்டன.

அன்புடன்
ரேம்ட்


வெஸ்டர்லோக்
20 ஜூன் 1954

அன்புள்ள அண்ணா,

நெஞ்சு வலி வந்து உங்களை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாக அண்ணி எழுதியிருந்தார். ஆபத்து ஒன்றும் இல்லை, மூன்று வாரம் படுக்கையில் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். படித்ததும் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். அன்றைக்குச் சொன்ன நன்றி மனதாரச் சொன்னது.

நீங்கள் வராததால் கெர்ட் மட்டும் வந்து வேலையைத் தொடங்கினார். அறுபது வயதில் பூனை மாதிரி ஏணி ஏறுகிறார். முதல் நாள் தேநீருக்கு அழைத்தேன். கரண்டியைக் கோப்பைக்குள் போட்டால்தான் ஊற்றுவதை நிறுத்துவோம் என்று அந்த ஓல்டன்பர்க்காரருக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. மரியாதைக்காகக் குடித்துக்கொண்டே இருந்தார். ஏழாவது கோப்பையில், "அம்மா, உங்க ஊர்ல விருந்தாளிய இப்படித்தான் சாகடிப்பீங்களா?" என்று கேட்டார். நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை நிபுணர் வந்தார். துருத்தி அறையைத் திற என்றார். அண்ணன் வந்துதான் திறக்க வேண்டும் என்று உங்கள் உத்தரவைச் சொன்னேன். அவர் காத்திருக்கிற ஆள் இல்லை. கெர்ட் ஆணிகளைப் பிடுங்கினார். உள்ளே போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நானும் போனேன்.

பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. தூசி, செத்த ஈக்கள், மூன்று பெரிய துருத்திகள், படுத்துக் கிடக்கும் மாடுகள் மாதிரி. கெர்ட் விளக்கைப் பிடித்து ஒவ்வொன்றின் மேல்பலகை ஓரத்தையும் பார்த்துக்கொண்டே வந்தார். சாக்பீஸில் சின்னச் சின்னக் கோடுகள், பக்கத்தில் தேதி. என்ன இது என்று கேட்டேன். ஆர்கன் வேலைக்காரர்கள் எல்லோரும் போடுவது என்று அவர் சாதாரணமாக விளக்கினார்.

"மேல போற கோடு, துருத்தியத் தூக்கி முட்டுக் குடுத்த நாள். கீழ வர்ற கோடு, எறக்கின நாள். வாயு அடிக்கிறப்போ மடிப்பெல்லாம் விரிஞ்சு இருந்தாத்தான் உள்ள இருக்கிற புழு சாகும். முடிஞ்சதும் எறக்கிக் காலி பண்ணிடணும். இல்லேன்னா அவ்வளவு வாயுவும் உள்ளயே..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். முதல் துருத்தியில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் மேலே போகும் கோடு மட்டும் இருந்தது. செப்டம்பர் 15, 1931. பக்கத்தில் உங்கள் கையெழுத்து.

"எழுத மறந்திருப்பார்" என்றார் கெர்ட், என் முகத்தைப் பார்க்காமல்.

"மறப்பாரா?" என்று கேட்டேன்.

"பதினெட்டு வருஷமா அவர்கிட்ட வேலை பாக்குறேன்மா. கோடு போட மறக்கிறவன அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவார்" என்று சொல்லிவிட்டு விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் இருட்டில் நின்றேன்.

அண்ணா, நீதிமன்றத்தில் நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மூன்று துருத்திகளையும் வெள்ளிக்கிழமையே இறக்கிவிட்டேன் என்று வேதத்தின்மேல் கை வைத்துச் சொன்னீர்கள். அப்படியானால் வாயு அறையில்தான் தங்கியிருக்க வேண்டும், அது ஷ்டாமரின் அஜாக்கிரதை என்றார் நீதிபதி. எனக்கு அது காதில் விழுந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு எதுவும் புரிகிற நிலை இல்லை.

இப்போது என் பழைய கேள்வியை விட்டுவிடுகிறேன், இதற்குப் பதில் சொல்லுங்கள். நீங்கள் மறந்தது கோடு போடவா, துருத்தியை இறக்கவா?

உடம்பு தேறியதும் எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

இம்கே


ஓல்டன்பர்க்
11 ஜூலை 1954

இம்கே,

நான் எதையும் மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை முகமூடி போட்டுக்கொண்டு அறைக்குள் போனேன். கோபுரக் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. முதல் இரண்டு துருத்திகளையும் இறக்கினேன், மிதித்து மிதித்துக் காலி செய்தேன், கோடு போட்டேன். மூன்றாவதிடம் வந்தபோது நின்றுவிட்டேன். புழு அதிகம் அதில்தான். பலகையில் காதை வைத்தால் அரிக்கிற சத்தம் கேட்கும், அவ்வளவு. மடிப்புகளுக்கு உள்ளே முட்டைகள் இருக்கும், இரண்டு நாள் வாயு முட்டைக்குப் போதாது என்று என் குரு சொல்வார். மூடிய துருத்திக்குள் இருக்கும் வாயு யாரையும் ஒன்றும் செய்யாது, இன்னும் இரண்டு நாள் உள்ளேயே இருக்கட்டும், வேரோடு செத்துப்போகட்டும் என்று நினைத்தேன். முட்டுக்கட்டையை எடுக்காமல் வெளியே வந்தேன். ஹப்போவிடமோ உன்னிடமோ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஷ்டாமர் காதுக்குப் போகும், அவர் உடனே இறக்கச் சொல்வார். அதனால் சொல்லவில்லை.

ஷ்டாமர் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார். "மூணையும் எறக்கியாச்சா தம்பி?" என்று கேட்டார். "ஆச்சு" என்றேன். என்னை நம்பித்தான் அவர் கையெழுத்துப் போட்டார். அவருடைய சோதனைக் காகிதம் அறையில் நிறம் மாறவில்லை. எப்படி மாறும்? வாயு அறையில் இல்லை, துருத்திக்குள் இருந்தது. ஹப்போ முதல் இரண்டையும் மிதித்துவிட்டு மூன்றாவதன் முட்டுக்கட்டையை எடுத்திருக்கிறான். புழு துளைத்த பலகை, வெடித்த தோல். எல்லாம் அவன் முகத்தில் இறங்கியிருக்கும்.

குழல்களைக் கழற்றிய அன்று அப்பா அழுததை எழுதியிருந்தாய். அந்தக் கருவியிலிருந்து இனி ஒரு பலகையைக்கூட யாரும் எடுத்துக்கொண்டு போக விடக் கூடாது என்று அப்போது வைராக்கியம் கொண்டேன். அதற்குத்தான் அந்தப் பலகையைக் காப்பாற்றினேன். பலகை பிழைத்துக்கொண்டது.

நீதிமன்றத்தில் ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பாய். பயம். வேறு ஒன்றும் இல்லை. எனக்கு இருபத்தொன்பது வயது, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஷ்டாமர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் கேட்டேன், இவர் ஆச்சுன்னார்" என்று இரண்டு தடவை சொன்னார். நான் என் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாயுவின் பேர் போருக்குப் பிறகு வேறு காரணத்துக்காக உலகத்துக்கே தெரிந்துபோனது. செய்தித்தாளில் அதைப் பார்க்கும்போதெல்லாம் மற்றவர்கள் முகாம்களில் அதனால் கொல்லப்பட்ட அந்த லட்சக்கணக்கானவர்களை நினைப்பார்கள். நான் ஹப்போவை நினைப்பேன். அதற்கும் வெட்கப்படுகிறேன்.

இந்த வேலையை ஏற்றுக்கொண்டதும் உனக்காக இல்லை. மற்றவர்களுக்கு முன்னால் அந்த அறைக்குள் போய்ப் பலகையைத் துடைத்துவிட வேண்டும் என்றுதான் ஏற்றுக்கொண்டேன். பொய்யே எழுதி எழுதி அலுத்துவிட்டது. இனி எதையும் மறைக்கப் போவதில்லை, அதனால் உன் பழைய கேள்விக்கும் பதில் எழுதுகிறேன்.

மருத்துவர் சொன்னது தவறு. கதவு எத்தனை மணி நேரம் திறந்து கிடந்தாலும் பயனில்லை. ஆனால் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, யாரும் மாடம் ஏறுவதற்கு முன், நானே போய் மூன்றாவதை இறக்கிக் காலி செய்வதாக இருந்தேன். முகமூடியைப் பையில் வைத்துக்கொண்டு ஒன்பது அடிக்கும்போது கோபுர வாசலுக்கு வந்தேன். அங்கே நீ தரையில் உட்கார்ந்திருந்தாய், சுற்றிலும் ஆட்கள். ஆகவே, ஹப்போ வழக்கமான நேரத்துக்கு வந்திருந்தால் பிழைத்திருப்பான். ஆனாலும் அது உன் தப்பு இல்லை, என் தப்புதான். இதை நீ புரிந்துகொள்வாய்.

எல்லாவற்றையும் எழுதியபின் மனசு லேசாக இருக்கிறது. இத்தனை வருஷத்தில் இப்படி இருந்ததில்லை. நேற்று நன்றாகத் தூங்கினேன். உன்னால் முடிந்தால் என்னை மன்னித்துவிடு. ஆர்கன் திறப்பு விழாவுக்கு வரட்டுமா என்று ஒரு வரி எழுது.

உன் அண்ணன்
ரேம்ட்


வெஸ்டர்லோக்
20 செப்டம்பர் 1954

அண்ணா,

பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. வானிலை பற்றி எழுதலாமா என்றுகூட யோசித்தேன். அது எவ்வளவு சௌகரியம் என்று இப்போதுதான் தெரிகிறது.

போன மாதம் ப்ரேமனுக்குப் போனேன். ஷ்டாமருக்கு ஒரு மகள் இருக்கிறாள், லோட்டே, டிராமில் சீட்டுக் கொடுக்கிறாள். தேடிக் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆனது. அவளுடைய அப்பா ஒன்றரை வருஷம் சிறையில் இருந்துவிட்டு வந்திருக்கிறார். உரிமத்தைப் பறித்துவிட்டார்களாம். அவர் கை பட்ட வீட்டுக்குள் போக மாட்டோம் என்று சொல்லி யாரும் வேறு வேலையும் கொடுக்கவில்லை. 1936இல் ஒரு நாள் வேஸர் ஆற்றில் பிணமாகக் கிடந்தார். இவளுக்கு அப்போது பதினான்கு வயது.

நான் யார் என்று சொன்னதும் கதவைச் சாத்தப் போனாள். உங்கள் கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே படித்தாள். "ஆச்சுன்னார்" என்ற இடம் வந்ததும் விரலை அதிலேயே வைத்துக்கொண்டாள். வீட்டில் சாப்பிடும்போது, சவரம் செய்யும்போது, எப்போதும் அவர் இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பாராம், நான் கேட்டேன், அவன் ஆச்சுன்னான் என்று. அவளுடைய அம்மாவே நம்பவில்லையாம். போதும் நிறுத்துங்கள் என்று அதட்டுவாளாம்.

நான் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். எதற்கு, யாருக்காக என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. அவள் என்னை உட்காரச் சொன்னாள். பிறகு சொன்னாள், "அவர் உசுரோட இருந்திருந்தா, போர்ல அந்த முகாம் வேலைக்கே அவரக் கூப்பிட்டிருப்பாங்க. தெரிஞ்ச ஆள்தானே. போயிருப்பாரோ என்னமோ. அத நெனச்சு, முன்னாடியே போனது நல்லதுன்னு மனசத் தேத்தி வச்சிருந்தேன். இப்போ நீங்க வந்து அதையும் கெடுத்துட்டீங்க."

உங்கள் கடிதத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவாளா, அடுப்பில் போடுவாளா தெரியாது. அது அவள் இஷ்டம். எனக்கு அது தேவையில்லை, ஒவ்வொரு வரியும் மனப்பாடம்.

போதகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் மணி அடித்ததையும் சேர்த்து. வேலையை ஹாம்பர்க் பட்டறைக்கு மாற்றிவிட்டார்கள். கெர்ட் அவர்களோடு சேர்ந்துகொண்டார், உங்களிடம் திரும்ப வர மாட்டார். துருத்திகள் நன்றாக வந்திருக்கின்றன என்கிறார். மூன்றாவதன் பலகையில் ஒரு புழுகூட இல்லையாம். நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவீர்கள் என்று எழுதுகிறேன்.

விழாவுக்கு வர வேண்டாம். நானும் வாசிக்கப் போவதில்லை, பள்ளிக்கூடத்துப் புது வாத்தியார் வாசிப்பார். பத்தடி தூரத்தில் உட்கார்ந்து தாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று உங்களுக்கு வீறாப்பாக எழுதினேன் அல்லவா? அந்த அறையைத் திறந்தும் தாங்கினேன். உங்கள் கடிதத்துக்குப் பிறகு முடியவில்லை. ஆர்கனுக்குப் பதிலாக வைத்திருக்கும் ஹார்மோனியத்தில் கை வைத்தால்கூட மூன்றாவது பாட்டு வரும் முன்பே விரல்கள் நின்றுவிடுகின்றன. மனசு லேசாகிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கனம் எங்கே வந்து சேர்ந்தது என்று எனக்குத் தெரியும்.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. நீங்கள் ஒன்பது மணிக்கு வந்தது எனக்கும் நினைவிருக்கிறது. கையில் பையோடு நின்றீர்கள், ஆராதனைக்குச் சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். பையில் என்ன இருந்தது, எதற்காக வந்தீர்கள் என்று உங்களைத் தவிர இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. "எட்டு மணியானாலும் பத்து மணியானாலும் ஒன்றுதான் இம்கே, எப்போது வந்திருந்தாலும் அவன் செத்திருப்பான்" என்று நீங்கள் எழுதியிருந்தால் நான் அப்படியே நம்பியிருப்பேன். நம்பிக்கொண்டு மிச்ச வருஷங்களைக் கழித்திருப்பேன். வேதத்தின்மேல் கை வைத்து உங்களுக்காக ஒரு பொய் சொன்னீர்கள், அதை இருபத்துமூன்று வருஷம் காப்பாற்றினீர்கள். எனக்காக ஒரே ஒரு பொய் சொல்ல உங்களுக்கு மனசு வரவில்லையே அண்ணா.

இம்கே